காய்ச்சலில் கிடந்த பிள்ளை

— ஒம்பது நாளாச்சு, ஓராசியோ சாமி. சேவகங்க வந்தாங்க, எம் பொண்ணத் தூக்கிட்டாங்க. எதுக்குன்னாவது சொல்லுங்க.

— உக்காரும்மா பெர்னா. சனிக்கிழமையில உங்க வீட்டுக்கு அடுப்பு மூட்ட வருவாளே, லுக்ரேசியா?

— ஆமா. அன்னிக்கு எங்க ஓய்வுநாள், நாங்க நெருப்புத் தொடக் கூடாதுல்ல. அதுக்குத்தான் உங்க வேதத்துப் பொண்ணு அவ.

— போன குளிர்காலத்துல உம் பிள்ளை காய்ச்சல்ல போயிடும்னு பயந்து, தலையில தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்திருக்கா. நீ மருந்துக்குப் போயிருந்தியாம்.

— எங்க வீட்டுப் பானைத் தண்ணியவா?

— எந்தத் தண்ணியா இருந்தாலும் செல்லும். ஞானஸ்நானம் வாங்கின பிள்ளை யூதர் தெருவுல வளரக் கூடாதும்மா. பாப்பரசர் சட்டம். அவ நல்ல மனசோடதான் செஞ்சா.

— உங்காளுங்க நல்ல மனசுல சிக்கி எங்கள்ல யாரு சாமி பொழச்சிருக்கோம்?

— பாரும்மா, நான் உனக்கு எதிரி இல்ல. பிள்ளை போர்வைக்குள்ள கெடந்துச்சு, முகத்தச் சரியா பாக்கலைங்கிறா லுக்ரேசியா. மூத்தவளாத்தான் இருக்கும்னு நாங்க தூக்கிட்டு வந்துட்டோம். நீ சொல்லு. அது அலெக்ராதானா?

— இல்ல சாமி. சத்தியமா இல்ல. அந்த மாசம் பூரா அவ எங்கக்கா வீட்டுல இருந்தா. அவளுக்கு ஒரு தும்மல்கூட வரல.

— நல்லது. அப்போ அவள வெச்சுக்க எங்களுக்கு உரிமை இல்ல. இப்பவே கூட்டிட்டுப் போ. செருப்பு மாட்டிவிடச் சொல்றேன்.

— நீங்க நல்லா இருக்கணும் சாமி. உங்களப் போயி என்னென்னமோ நெனச்சுட்டேன்.

— இருக்கட்டும். இத எழுதி முடிச்சிடுறேன். அப்போ காய்ச்சல்ல கெடந்தது யாரு?

— அது வந்து...

— உனக்கு ரெண்டாவது ஒண்ணு உண்டுல்ல?

— லெயோனே. சின்னவன். அவன் இன்னும் பால் மறக்கல சாமி.

— அப்போ அவன்தான். சாயங்காலத்துக்குள்ள நீயே தூக்கிட்டு வந்துடும்மா. சேவகங்க வந்தா பயந்துடுவான்.

— விட்டுடுங்க சாமி. அவனுக்கு ஒண்ணும் தெரியாது.

— தண்ணி விழுந்தது விழுந்ததுதான். கேக்குதா? அலெக்ராதான், உங்குரல் கேட்டுக் கதவத் தட்டுறா. தெறக்கச் சொல்லட்டா?

— வேணாம், தெறக்காதீங்க. எழுதிக்குங்க. அவ அக்கா வீட்டுல இருந்தான்னு நான் சொன்னது பொய். காய்ச்சல்ல கெடந்தது அவதான்.