கப்பலைக் கட்டிப்போட்ட நாடு

காலை 8.10. ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ். முன் சீட்டில் அக்காவும் தங்கையும். ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்துக்கொண்டே தபாலில் பி.ஏ. படிக்கும் தங்கைக்கு அன்று வேலூரில் அமெரிக்க வரலாறு பரீட்சை. அக்கா புத்தகத்தைப் பிரித்துக் கேள்வி கேட்டாள்.

"இங்கிலீஷ்காரன் நடுக்கடல்ல அமெரிக்கா கப்பல்ல இருந்த ஆளுங்கள புடிச்சிட்டுப் போனான். அதுக்கு அமெரிக்காக்காரன் இன்னாடி செஞ்சான்?"

"வெளிநாட்டுக்கு சரக்கே போவக்கூடாதுன்னு தன் கப்பலையே கட்டிப்போட்டான்க்கா."

"அடப்பாவி! யாரு அடிபட்டா?"

"அவன் துறைமுகத்துல வேல செஞ்சவங்கதான்."

தங்கையின் போன் அடித்தது. சூப்பர்வைசர். கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அமெரிக்கா ஆர்டர் நின்னுடுச்சாம். பத்து மணிக்குள்ள கம்பெனிக்கு வர்றவங்களுக்குத்தான் வேற லைன்ல வேலயாம்."

"லீவு சொல்லிட்டுதானே வந்த?"

"சொன்னேன்க்கா."

பள்ளிகொண்டாவில் தங்கை மட்டும் இறங்கி, ஆம்பூர் பஸ் நிற்கும் எதிர்ப்பக்கத்துக்குச் சாலையைக் கடந்தாள்.