துரை கட்டியிருந்த கடிகாரம்

அலோர் காஜாவிலிருந்து மலாக்கா போகும் பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கடத்துகிறோமா என்று பார்க்க எங்களை இறக்கி வரிசையில் நிற்கவைத்தார்கள். எனக்கு முன்னால் ஒரு தோட்டத்துப் பெண்ணும் கடிகாரக் கடைக்காரர் ஒருவரும் நின்றார்கள்.

"என் வீட்டுக்காரரு கையில இருந்தது செத்துப்போன துரையோட கடிகாரம் இல்லன்னு நீங்கதாண்ணே சொல்லணும்," என்றாள் அவள்.

தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜரான துரையைச் சுட்டவர்கள் அவர் கடிகாரத்தையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அதே போன்ற ஒன்றைக் கட்டியிருந்ததால் அவள் கணவன் இப்போது லாக்கப்பில் இருந்தான்.

கடைக்காரர் தன் கையைக் காட்டினார். "இதைப் பாரு தங்கச்சி. துரை கடிகாரத்தோட அதே முகம். ஆனா செஞ்சவன் தன் பேரைத்தான் போட்டிருக்கான். அதுல தப்பில்லலா. அடுத்தவன் கம்பெனி பேரையும் போட்டாத்தான் போலி. அதை நான் கையால தொடமாட்டேன்."

"அவருக்கு நீங்க வித்ததுல துரையோட கம்பெனி பேருதானே இருந்துச்சு?"

அவர் நீட்டிய கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"அது போலின்னு ஸ்டேசன்ல ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. இல்லன்னா தூக்குதான்."

"எப்படிச் சொல்றது? ஊர்ல பாதிப் பேரு கையில என் கடைச் சாமான்தான். அது அசலாவே இருந்துட்டுப் போகட்டும்."

அவள் பையைச் சோதிக்க வந்த தமிழ்க் கான்ஸ்டபிள் நீட்டிய கையை அப்படியே நிறுத்தி, தன் மணிக்கட்டைப் பார்த்தார்.

"அண்ணே, இதையும் உங்ககிட்டதானே வாங்கினேன்?"

"அப்ப நீங்களும் ஸ்டேசனுக்கு வந்து சொல்லுங்க, சார்," என்றாள் அவள்.