முன்னால் போடும் இலை

மேடையில் இருக்கும் முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர் ஐயா சிவானந்தம் அவர்களே, வேலையைப் போட்டுவிட்டு ரவாங்கிலிருந்தும் கோலசிலாங்கூரிலிருந்தும் வந்திருக்கும் தோட்டத்துச் சொந்தங்களே, சுங்கை பஞ்சாங்கிலிருந்து வந்து முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் என் தம்பியின் பட்டாளத் தோழர் துவான் ஹாஜி யூசோப் அவர்களே, வணக்கம்.

ஐந்தாம் வகுப்போடு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவள் நான். அழகாகப் பேச வராது. ஆனால் கோப்ரல் நாராயணசாமிக்கு அக்காளாகப் பிறந்தவள். பேசுவதற்கு அந்தப் பெருமை போதாதா!

என் தம்பி பட்டாளத்தில் என்ன வேலை பார்த்தான்? நாயோடு போகிற வேலை. "பட்டாளத்துக்குப் போயும் நாய் மேய்க்கிறானா?" என்று இதே தோட்டத்தில் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்குத் தாய்லாந்து எல்லைக் காடு தெரியுமா? எழுபதுகளில் அங்கே கம்யூனிஸ்டுகளோடு சண்டை. ஒற்றையடிப் பாதையில் சருகுக்கு அடியில் கண்ணிவெடி. மனிதன் கண்ணுக்குத் தெரியாதது அவனுடைய நாய் டியூக்கின் மூக்குக்குத் தெரியும். டியூக் முன்னால் நடக்கும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் தம்பி. அவனுக்குப் பின்னால் மற்றவர்கள். வெடி இருந்தால் டியூக் அப்படியே உட்கார்ந்துவிடும். அது உட்கார்ந்ததால் எத்தனை தாய்மார் வீட்டில் விளக்கு எரிந்தது!

ஒரு நாள் அடைமழை. மண்ணின் வாடையெல்லாம் கரைந்துபோயிற்று. டியூக் உட்காரவில்லை. கண்ணி வெடித்தது.

காதில் ரத்தம் வழிய, உயிர் போன டியூக்கை மடியில் போட்டுக்கொண்டு, எழுந்திருக்க மாட்டேன் என்றான் என் தம்பி. யூசோப் அவர்கள் மார்க்கத்தில் நாயைத் தொட்டால் மண்ணாலும் நீராலும் கழுவ வேண்டும். அதுவரை டியூக்கிடம் தள்ளியே உட்கார்ந்தவர், அன்று தன் சட்டையைக் கழற்றி அதைச் சுற்றினார். "விடு சாமி, நான் தூக்குறேன். கை கழுவ ஆறு இருக்கு லா," என்றார். அடிவாரம் வரை அவரே சுமந்தார்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முதல் நாள், செத்தவர்களுக்குப் படையல் போடும்போது, தம்பி ஓர் இலை கூடுதலாக நறுக்கினான்.

"யாருக்குடா இது?" என்றார் அம்மா.

"டியூக்குக்கு."

பெரியப்பா எகிறினார். "நாய்க்கு இலை போடுற வீட்டுல எங்கப்பனுக்குச் சோறு எறங்குமாடா?"

"அது முன்னால நடக்கலன்னா, பெரியப்பா, இந்த வருஷம் எனக்குத்தான் இலை போட்டிருப்பீங்க."

அம்மா சட்டியில் துழாவி, எலும்புக் கறியாகப் பார்த்து அந்த இலையில் வைத்தார்.

அதற்குப் பிறகு என் தம்பி வேறு நாய் வளர்க்கவில்லை. கல்யாணமும் கட்டவில்லை. மழை பெய்தால் வாசலுக்கு வரமாட்டான். ஆனால் எந்த வருஷமும் அந்த இலை தவறியதில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்தான். "அக்கா, எனக்கு இலை போடுவீங்க, தெரியும். அதுக்கு?" என்றான். நான் வாய் திறப்பதற்குள் நர்ஸ் வெளியே போகச் சொல்லிவிட்டாள். திரும்பி வந்தபோது அவன் இல்லை. பிள்ளையில்லாதவன் கேட்ட கடைசிக் கேள்வி, பதில் இல்லாமலே போகலாமா?

சபையறியச் சொல்கிறேன். போடுவேன்டா தம்பி! எனக்குப் பிறகு என் மகள் மாதவி போடுவாள். அவளுக்குப் பிறகு என் பேரப்பிள்ளைகள் போடுவார்கள். "ரெண்டு இலையும் பக்கத்துல பக்கத்துலயாம்மா?" என்று நேற்று மாதவி கேட்டாள்.

இல்லை. டியூக்கின் இலை முன்னால். அதற்குப் பின்னால்தான் உன்னுடையது, தம்பி.