அக்காவுக்கு வந்த தபால்

எனக்குக் கணீரென்ற குரல். நான் வாசித்தால் யாரும் மறுபடி வாசிக்கச் சொல்ல மாட்டார்கள்.

பின்பக்க அறையில் அக்கா வாடகையில்லாமல் பன்னிரண்டு வருடம் இருந்தாள். வீடு என் பெயரில். அக்கா தையல்காரி. சட்டைக் காலர் தைத்துத் தைத்தே கண் போய்விட்டது. வீட்டிலேயே அதிக வெளிச்சம் வருவது அந்த அறைக்குத்தான். காலை முழுக்க வெயில் தரையில் வீணாகக் கிடக்கும். அவளோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கு ஒரு மேசை போட இடம் தேவைப்பட்டது. இதில் நியாயக் குறைவு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

போகச் சொல்லிக் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டால் அழுவாள். அதனால் முறைப்படி நீதிமன்றத்துக்குப் போனேன்.

அங்கிருந்து அக்கா பெயருக்கு முதல் தபால் வந்தது. தபால்காரர் நீட்டிய தாளில் அவள் விரலைப் பிடித்து இடத்தைக் காட்டினேன். கையெழுத்து அவளுடையதுதான்.

"வக்கீலய்யா, என்ன போட்டிருக்கான்? மூக்கால பேசாம ஒழுங்கா வாசி" என்றாள். அவளுக்கு வரும் கடிதங்களை எப்போதும் நான்தான் வாசிப்பேன். அதனால் அந்தப் பட்டம்.

கண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறது என்றேன். ஆபரேஷன் பட்டியலில் பெயர் சேர்ந்துவிட்டது, கூப்பிடும்வரை வீட்டைவிட்டு எங்கும் போக வேண்டாம் என்று வாசித்தேன். அதற்காக இரண்டு வருடமாகக் காத்திருந்தாள். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

விசாரணை நாளில் அவள் வீட்டிலேயே இருந்தாள். எதிர்த்தரப்பு வராததால் தீர்ப்பு எனக்குச் சாதகமானது.

இரண்டாவது தபாலில் காலி செய்ய வேண்டிய தேதி இருந்தது. தேதியை மாற்றாமல் அப்படியே வாசித்தேன். வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷனுக்குக் கூட்டிப்போக ஆட்கள் வருவார்கள், மாற்றுத் துணி எடுத்துவைக்கவும் என்பதை மட்டும் சேர்த்துக்கொண்டேன்.

"கண்ணு வந்ததும் முதல்ல உன் மூஞ்சியத்தான் பாக்கணும். எவ்வளவு நரைச்சிருக்கோ" என்று சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை தலை வாரி, பையை மடியில் வைத்துக்கொண்டு ஏழு மணிக்கே தயாராக இருந்தாள். நீதிமன்ற ஊழியர் வந்து உத்தரவை உரக்க வாசித்தார். என் அளவுக்குத் தெளிவான குரல் இல்லை.

"இவர் வேற யாருக்கோ வந்ததை வாசிக்கிறாரேடா, தம்பி?"



ஊழியர் கேட்டார்: "முன்னாடியே தபால் வந்துச்சாம்மா? யாராவது வாசிச்சுக் காட்டினாங்களா?"

அவள் முகம் என் பக்கம் திரும்பியது.

"வந்துச்சுங்க. தம்பி எல்லாத்தையும் சரியா வாசிச்சான்" என்றாள். சுவரைத் தடவிக்கொண்டே வெளியே நடந்தாள். ஒருவரும் அவளைத் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை.

பிறகு எங்கே போனாள் என்று என்னைக் கேட்பதில் அர்த்தமில்லை. உத்தரவில் அது இல்லை.

நான் வாசித்தது தப்பென்றால் அவள் அங்கேயே சொல்லியிருப்பாள், இல்லையா?