காய்ச்சல் வராத பிள்ளை

— மறுபடியும் அந்தத் தெர்மாமீட்டரையே வைக்காதீங்க டாக்டர்! எத்தனை தடவை வச்சாலும் என் பொண்ணுக்குக் காய்ச்சல் இல்லன்னுதான் காட்டும்.

— இல்லாததை எப்படிம்மா காட்டும்? உடம்பு சில்லுனு இருக்கு. கூட்டிட்டுப் போய்த் தூங்க வைங்க.

— தூங்க வைக்கவா? காலையிலேருந்து கண்ணே திறக்கல, பால் குடிக்கல. கழுத்துல நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. உங்க கண்ணுக்குத் தெரியலையா?

— தொட்டுப் பாத்தேனேம்மா. சிவக்கல, சுடல, அமுக்குனா அழவும் இல்ல.

— அழறதுக்குத் தெம்பு வேணாமா?

— பாருங்கம்மா, கிருமி புகுந்திருந்தா உடம்பு சும்மா இருக்காது. கிருமியோட மேல் ஓடு பட்டதுமே நம்ம ரத்தத்துல காவல் காக்கற செல்லுங்க கண்டுபிடிச்சு, 'ஆள் புகுந்துட்டான்'னு கூப்பாடு போட்டுரும். வீக்கம், சூடு, காய்ச்சல் எல்லாம் அந்தக் கூப்பாட்டுல வர்றதுதான்.

— கூப்பாடு கேக்கலைன்னா திருடன் வரலைன்னு அர்த்தமா? காவக்காரன் வாயைக் கட்டிப் போட்டிருந்தா?

— நம்பிக்கை இல்லன்னா வேற டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா. நான் கோவிச்சுக்க மாட்டேன்.

— மாட்டேன். நீங்கதான் பாக்கணும். அந்தக் கட்டியில ஊசியைக் குத்துங்க. குத்துற வரைக்கும் இந்தக் கதவை விட்டு நகர மாட்டேன். வெளியில நிக்கறவங்க கத்துனா கத்தட்டும்.

— பிடிச்சா ஒரே பிடியா இருக்கீங்களே! சரி, உங்க திருப்திக்குக் குத்தறேன். தலையைப் பிடிங்க. பாருங்கம்மா, உள்ள ஒண்ணும்...

— ஏன் நிறுத்திட்டீங்க?

— சீழ்.

— சொன்னேனா இல்லையா! தொண்டை கிழியச் சொன்னேனா இல்லையா!

— சிஸ்டர்! உடனே மருந்து ஏத்தணும், பிள்ளையை உள்ள சேருங்க. ஓடுங்க! ...இவ்வளவு சீழு, துளி சூடு இல்ல. அப்படின்னா செல்லு கிருமியைத் தொட்டும், அந்தச் சேதி உள்ள போய்ச் சேரல. சேதி போற வழி அறுந்தே பிறக்கற பிள்ளைங்க உண்டுன்னு படிச்சிருக்கேன்.

— படிச்சது இப்பத்தான் ஞாபகம் வருதா?

— லட்சத்துல ஒண்ணும்மா. அப்பா அம்மா ரெண்டு பேர் வழியாவும் வர்றது. நான் டாக்டரான நாள்லேருந்து இப்படி ஒரு பிள்ளையைப் பாத்ததே இல்ல.

— பாத்திருக்கீங்க. போன வருஷம், இதே கட்டில்ல, இவ அண்ணனை. 'உடம்பு சில்லுனு இருக்கு, கூட்டிட்டுப் போய்த் தூங்க வைங்க'ன்னீங்க. தூங்க வச்சேன் டாக்டர். அவன் எந்திரிக்கவே இல்ல.