அழிக்கச் சொன்ன மேலாளரும் நிரம்பிய டிஸ்க்கும்

தலைமை ஏற்றிருக்கும் தகைசால் பெரியவர் துளசிராம் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே, பிள்ளைகள் கணினியில் என்னதான் படிக்கிறார்கள் என்று பார்த்துவிட வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

அறிவைக் கழற்றி வைத்துவிட்டு அதிகாரத்தை மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? சென்ற ஆண்டு, இரண்டாயிரத்து ஆறில், கோச்சடையில் ஒரு ஸ்கேன் மையத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

அதன் மேலாளர் சூரியபிரகாஷ். கழுத்தில் டை, கையில் இரண்டு செல்போன், தலைக்குள் தாராளமான காலியிடம். சிரிக்காதீர்கள், அந்தக் காலியிடத்தைக் கணினிக்குக் கொடுக்க முடியவில்லையே என்பதுதான் என் வருத்தம். ஏனென்றால் அன்று காலை, ஸ்கேன் படங்களைச் சேமித்து வைக்கும் சர்வரின் டிஸ்க் நிரம்பிவிட்டது. புதிய படம் ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

வெளியே காத்திருந்தவர் செல்லத்தாய். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே எடுத்த படத்தில் அவர் மூளையில் ஒரு சிறு கட்டி தெரிந்தது. மீண்டும் தலைவலி. கட்டி வளர்ந்திருந்தால் மண்டையைத் திறக்க வேண்டும். பழைய படத்தோடு புதியதை ஒப்பிட்டால்தான் டாக்டர் முடிவு சொல்வார். கையிலிருந்த பிலிமோ மழையில் வீணாகிவிட்டது.

மேலாளர் கட்டளையிட்டார்: “பழைய படத்தையெல்லாம் அழிச்சு விடும்மா. எம்புட்டு நாளைக்குச் சுமக்குறது?”

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் இந்துப்ரியா எழுந்தார். “அழிக்க மாட்டேன் சார். வெளிய உக்காந்திருக்க அம்மா படமும் அதுலதான் இருக்கு. புது டிஸ்க்கு மாட்டி இடத்தை நீட்டிரலாம்.”

“நீட்டுறதுக்கு அது என்ன ரப்பரா? சொன்னதைச் செய்யி, இல்லாட்டி வீட்டுக்குக் கெளம்பு.”

“டிஸ்க்கை மாட்டிட்டுப் போறேன் சார்.”

பல டிஸ்க்குகளை ஒரே தொகுப்பாக்கி, வேண்டிய அளவுக்குப் பிரித்துத் தரும் எல்.வி.எம். என்ற ஏற்பாடு அந்த சர்வரில் முன்பே இருந்தது. மேலாளருக்குத்தான் தெரியாது. ஏதாவது தவறினால் மீட்க வேண்டுமே என்று, இந்துப்ரியா முதலில் டேப்பில் இருந்த நகலைச் சரிபார்த்தார். இருப்பிலிருந்த புது டிஸ்க்கைத் தொகுப்பில் சேர்த்தார். நிரம்பிய பகுதியை நீட்டினார். கோப்பு அமைப்பையும் அதற்கேற்ப விரித்தார். சர்வர் நிற்கவில்லை. ஒரு படமும் அழியவில்லை.

செல்லத்தாய்க்குப் புது ஸ்கேன் எடுத்ததும், பழையதும் புதியதுமாக இரண்டு படங்களும் திரையில் அருகருகே விரிந்தன. கட்டி இம்மியும் வளரவில்லை. “அறுக்க வேணாம்மா, மாத்திரை போதும்” என்றார் டாக்டர். செல்லத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப கொடிக்காலுக்குப் போலாமுல்ல?” என்று கேட்டார்.

மேலாளர்? பணியவில்லை என்று இந்துப்ரியாவுக்கு ஒரு மெமோ. எல்லாம் தன் முன்யோசனை என்று சொல்லி முதலாளியிடம் தான் வாங்கிக்கொண்ட ஒரு பாராட்டு. ‘அடப்பாவி’ என்கிறீர்களா அண்ணே? மெல்லச் சொல்லுங்கள், அவர் உறவினர் யாராவது இங்கே இருக்கக்கூடும்.

இளைஞர்களே, நாளை உங்கள் முதுகுக்குப் பின்னாலும் ஓர் அதிகாரக் குரல் ‘அழி’ என்று அதட்டும். அஞ்சி விரலை அசைப்பீர்களா? அங்கே இருப்பது வெறும் கோப்பா? ஒருத்தியின் உயிர் அல்லவா? மாட்டேன் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, செய்து காட்டுங்கள்.

மின்விசிறி நின்ற பின்னும் எழுந்து போகாத உங்கள் பொறுமைக்கு என் நன்றி, அனைவருக்கும் வணக்கம்.