துரினில் படிக்கும் மகன்

ஒரியெத்தா: யாரைக் கேட்டு நமக்கு ஒரு பையனைக் குடுத்த நீ?

ஃபுல்வியோ: மெதுவாப் பேசு. ஜன்னல் தொறந்திருக்கு.

ஒரியெத்தா: தொறந்துதான் இருக்கணும். நம்ம மொழி கத்துக்க வந்த ஒன்பது பேரும் திராட்சைப் பந்தலுக்குக் கீழ நோட்டும் பேனாவுமா உக்காந்திருக்காங்க. அடுப்படிப் பேச்சைக் கேட்டு ஆளுக்கு அஞ்சு புது வார்த்தை எழுதணும். இன்னிக்குப் பாடமே அதுதான். வேகமாப் பேசினா அவங்களுக்குத் தனித்தனி வார்த்தைதான் புரியும்.

ஃபுல்வியோ: அப்ப பாடமாட்டம் ஏதாவது பேசு. பூண்டு எங்க?

ஒரியெத்தா: இருந்த எடத்துலதான் இருக்கு. மூணு வருஷமா நீதான் இல்ல.

ஃபுல்வியோ: ஆரம்பிச்சிட்டியா...

ஒரியெத்தா: துரின்ல எஞ்சினியரிங் படிக்கிறானாம். நேத்து ராத்திரி சாப்பாட்டு மேசையில நீ சொன்னப்போ எனக்கு நெத்திலி தொண்டையிலயே நின்னுடுச்சு.

ஃபுல்வியோ: அந்த டச்சுக்காரர் கேட்டாரு, பிள்ளைங்க எத்தனைன்னு... வாயில வந்துடுச்சு.

ஒரியெத்தா: வர்ற குழு எல்லாம்தான் கேக்குது. எப்பவும் ‘இல்ல’ம்ப. அதோட விட்டுடுவாங்க.

ஃபுல்வியோ: புருஷன் பெண்டாட்டின்னு பொய் சொல்றோம். கூட ஒரு பையன். பெரிய பாவமா?

ஒரியெத்தா: புருஷன் வேஷம் டூர் கம்பெனி கேட்டது. தம்பதி வீட்டுல தங்கி மொழியும் சமையலும் கத்துக்கலாம்னு சொல்லித்தானே ஆள் சேக்கறாங்க. பையனை யாரு கேட்டா? இன்னிக்கு மலைக்கோட்டை ஊருக்கு ஏறிப்போற வழியெல்லாம் அதே பேச்சு. அவனுக்கு என்ன புடிக்கும், லீவுக்கு வருவானா, பேரென்ன...

ஃபுல்வியோ: என்ன பேரு சொன்ன?

ஒரியெத்தா: செவெரினோ.

ஃபுல்வியோ: எங்க அப்பா பேரா?

ஒரியெத்தா: வேற பேரு யோசிக்க நேரமில்ல.

ஃபுல்வியோ: அந்தப் பேரு வேணாம்.

ஒரியெத்தா: ஏன்?

ஃபுல்வியோ: சும்மாதான்... வேணாம்.

ஒரியெத்தா: சொல்லியாச்சு. போட்டோ வேற கேட்டாங்க. எங்க அக்கா பையனைக் காட்டினேன். அப்படியே அப்பா ஜாடைன்னாங்க.

ஃபுல்வியோ: அந்த மூஞ்சியா எனக்கு?

ஒரியெத்தா: சிரிக்காத. எனக்குப் பத்திக்கிட்டு வருது. கல்யாணமான நாளுலேர்ந்து பிள்ளை வேணாம், பிள்ளை வேணாம்னு சொன்ன ஆளு, இப்ப வெளியூர்க்காரங்க முன்னால நெஞ்சை நிமித்திக்கிட்டு ‘எம் பையன்’ங்கற.

ஃபுல்வியோ: நான் சாஸுக்கு இந்த இலையை இடிக்கவா, இல்ல உன் பேச்சுக்குத் தலையாட்டவா?

ஒரியெத்தா: உனக்கு எது உருப்படியா வரும்? தண்டச்சோறு. கொஞ்சம் கொஞ்சமா எண்ணெயை ஊத்து.

ஃபுல்வியோ: ஒரியெத்தா... ஒண்ணு சொல்லணும். அக்டோபர் குழுவுக்கு நான் வர முடியாது.

ஒரியெத்தா: என்னது?

ஃபுல்வியோ: முழங்கால் வலி. கடலோர ஊருக்கெல்லாம் படி ஏறி எறங்கி...

ஒரியெத்தா: நேத்து படகுத் துறையில அந்த ஸ்வீடன்காரி பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடினியே, அப்ப முழங்கால் எங்க போச்சு?

ஃபுல்வியோ: ஜெனோவாவுல வேலை இருக்கு.

ஒரியெத்தா: லொரெதானா போகக் கூடாதுன்னுட்டாளா?

ஃபுல்வியோ: அவளை எதுக்கு இழுக்கற?

ஒரியெத்தா: நான் எங்க இழுத்தேன். அவதான் உன்னை இழுத்துக்கிட்டுப் போனா.

ஃபுல்வியோ: உன் சித்தப்பா பையன் ஜீனோவைக் கூப்பிட்டுக்க. இந்த ஊர்ச் சரித்திரம் தெரிஞ்சவன். மீசையும் இருக்கு.

ஒரியெத்தா: ஜீனோ புருஷனா நடிச்சா சாவு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். வெளையாடாத. நீ வரலைன்னா கம்பெனி இந்த வீட்டை விட்டுடும். வீட்டை வித்துட்டு அக்கா வீட்டுல போய் ஒண்டணும். அது உனக்குச் சம்மதமா?

ஃபுல்வியோ: உண்மையைச் சொல்லிடேன். பிரிஞ்சவ வீட்டுலயும் சமையல் கத்துக்கலாம்.

ஒரியெத்தா: வருஷத்துக்கு நாலே நாலு வாரம். அதுக்கும் கூடவா உன்னால...

ஹன்னெலோரே: உள்ளே வரலாமா?

ஒரியெத்தா: வாங்கம்மா, வாங்க. ஏங்க, ஹன்னெலோரே அம்மாவுக்கு நாற்காலி போடுங்க. ஜெர்மனியில தலைமை ஆசிரியையா இருந்தவங்களை நிக்க வெக்கலாமா?

ஹன்னெலோரே: இடையூறுக்கு மன்னியுங்கள். நான்கு சொற்கள் கிடைத்துவிட்டன. ஐந்தாவதில் ஓர் ஐயம். ‘தண்டச்சோறு’ என்பது இவ்வட்டாரத்து உணவா?

ஃபுல்வியோ: ஆமாங்க. இந்த வீட்டுல எனக்குத் தினமும் அதுதான்.

ஒரியெத்தா: அவர் வெளையாடறார்மா. வேலை செய்யாம சாப்புடறவரைச் செல்லமா அப்படிச் சொல்லுவோம்.

ஹன்னெலோரே: செல்லமாகவா. குறித்துக்கொள்கிறேன். உங்கள் இல்லறத்தைக் கண்டு நாங்கள் யாவரும் மகிழ்கிறோம். இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

ஃபுல்வியோ: எதிர்பார்க்கலையா?

ஹன்னெலோரே: இல்லை. வீட்டு உரிமையாளர் தனியே வாழும் பெண்மணி என்றுதான் நிறுவனத்தார் கூறினர்.

ஒரியெத்தா: அம்மா, வெளியில ரொட்டி ஆறுது...

ஹன்னெலோரே: சென்ற ஆண்டு வந்த என் தோழியிடமும் அவ்வாறே கூறியிருக்கின்றனர். வந்து பார்த்தால் கணவர் இருக்கிறார். மகனும் இருக்கிறார். நிறுவனத்தார் கவனக்குறைவானவர்கள்.

ஃபுல்வியோ: ஆமாங்க. ரொம்பக் கவனக்குறைவு.

ஹன்னெலோரே: நான் செல்கிறேன். தொடர்ந்து உரையாடுங்கள். சற்று உரக்கப் பேசினால் நலம். டச்சுக்காரருக்குக் காது மந்தம்.

ஒரியெத்தா: உப்பு போட்டியா?

ஃபுல்வியோ: எப்பலேர்ந்து?

ஒரியெத்தா: போட்டியா இல்லையா?

ஃபுல்வியோ: எப்பலேர்ந்துன்னு கேக்கறேன்.

ஒரியெத்தா: ரெண்டு வருஷம் ஆச்சு. அவர் என்னை விட்டுட்டுப் போயிட்டாருன்னு நானே கம்பெனியில சொன்னேன். பரவாயில்ல, நீங்க ஒருத்தர் இருந்தா போதும்னுட்டாங்க.

ஃபுல்வியோ: அப்ப ஒவ்வொரு தடவையும் போன் பண்ணி, கம்பெனி கேக்குது, நீ வரலைன்னா வீடு போயிடும்னு...

ஒரியெத்தா: கம்பெனி கேக்கல. நான்தான் கேட்டேன்.

ஃபுல்வியோ: எதுக்கு?

ஒரியெத்தா: எதுக்குன்னா... நாலு பேர் இருக்கறப்போ ‘ஏங்க’ன்னா நீ திரும்பிப் பாக்கற. அதுக்குன்னு வெச்சுக்கோயேன்.

ஃபுல்வியோ: ஒரியெத்தா...

ஒரியெத்தா: இரு, முடிச்சுடறேன். நேத்து நீ பையன்னு சொன்னதும் கோவந்தான் வந்துச்சு. ஆனா படுத்தப்புறம் வேற மாதிரி தோணிச்சு. நமக்கு ஒண்ணு இல்லாமப் போச்சேன்னு உனக்கும் மனசுல இருக்கோன்னு. அதனாலதான் உங்க அப்பா பேரை வெச்சேன்.

ஃபுல்வியோ: உப்பு பத்தல.

ஒரியெத்தா: உப்பை விடு. பதில் சொல்லு. வெளியில காத்துக்கிட்டிருக்காங்க.

ஃபுல்வியோ: நேத்து அந்த டச்சுக்காரர் கேட்டப்போ ‘இல்ல’ன்னு சொல்ல நாக்கு எழும்பல. லொரெதானாவுக்கு அக்டோபர்ல பொறக்குது... பையன்தானாம்.